டாக்டர் ஹூ ஒலி நாடகங்கள்: 'டார்க் ஐஸ்' கேட்கும்முன் எதைக் கேட்க வேண்டும்? தடங்களும் வரிசை மாறி ஓடுகின்றன

சாரல்:
2005க்குப் பிறகு டிவியில் வந்த டாக்டர் ஹூ (காலப்பயணம் செய்யும் 'டாக்டர்' பற்றிய பிரிட்டிஷ் அறிபுனைத் தொடர்) முழுக்கப் பார்த்தாயிற்று, 1996 டெலிஃபிலிமும் பார்த்தாயிற்று. 2013இல் வந்த 'தி நைட் ஆஃப் தி டாக்டர்' குறும்படத்தில் பால் மெக்கன் சார்லி, கெரிஸ், லூசி, டாம்சின், மாலி என்று ஐந்து பெயர்களைச் சொல்வார். அவர்கள் எல்லோரும் பிக் ஃபினிஷ் நிறுவனத்தின் ஒலி நாடகங்களில் டாக்டரோடு பயணிப்பவர்கள் என்று தெரிந்ததும், எட்டாம் டாக்டரின் (டாக்டராக நடிப்பவர் மாற மாற எண் ஏறும், எட்டாமவர் மெக்கன்) 'டார்க் ஐஸ்' முதல் தொகுப்பை வாங்கினேன். இரண்டு சிக்கல்.

ஒன்று, கதை தொடங்கும்போதே டாக்டர் நொறுங்கிப் போயிருக்கிறார். காரணம் தெரியாமல் ஒட்டவே முடியவில்லை. முன்கதை எதில் இருக்கிறது?

இரண்டு, ஆண்ட்ராய்ட் போனில் எம்பி3 தடங்கள் கலந்து ஓடுகின்றன. முதல் கதையின் முதல் தடம் முடிந்தால் இரண்டாம் கதையின் முதல் தடம் வருகிறது. ஷஃபிள் அணைத்துதான் இருக்கிறது.

தயவுசெய்து முடிவுகளைச் சொல்லிவிடாதீர்கள்.

அலைவரிசை:
'டார்க் ஐஸ்' 2012 நவம்பர் வெளியீடு. அதை அப்படியே நிறுத்தி வையுங்கள். அதற்கு நேர் முன்னால் இருப்பது லூசி மில்லர் கதைகள். 2006 டிசம்பர் 31இல் பிபிசி 7 வானொலியில் 'பிளட் ஆஃப் தி டாலெக்ஸ்' ஒலிபரப்பானதில் தொடங்கி, 2011இல் 'டு தி டெத்' வரை நான்கு தொடர்கள். முதல் மூன்றிலும் எட்டெட்டு பகுதிகள், நான்காவதில் பத்து, ஆக 34. வானொலிக்காக எழுதத் தொடங்கியவை என்பதால் பெரும்பாலும் ஒரு பகுதி சுமார் 50 நிமிடம், டிவி எபிசோட் மாதிரியே ஓட்டம். லூசியாக ஷெரிடன் ஸ்மித். டிவியிலிருந்து வருபவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடையாது.

அவசரமென்றால் முதல் தொடர் முழுவதும் கேளுங்கள். இரண்டாவதில் 'தி ஸைகான் ஹூ ஃபெல் டு எர்த்' தொடங்கி, 'சிஸ்டர்ஸ் ஆஃப் தி ஃபிளேம்', 'வெஞ்ஜன்ஸ் ஆஃப் மார்பியஸ்' என்று தொடரின் கடைசி மூன்று. மூன்றாவதில் 'ஆர்பிஸ்', பிறகு இறுதி இரண்டு. நான்காவதில் ஒன்றைக்கூட விடக் கூடாது, டாம்சின் வருவதும் அதில்தான். 'டு தி டெத்' எந்த மனநிலையில் விடுகிறதோ, அங்கிருந்துதான் 'டார்க் ஐஸ்' ஆரம்பம்.

பொறிவல்லி:
தடங்கள் கலப்பது ஷஃபிளால் அல்ல. 'டார்க் ஐஸ்' நான்கு வட்டுத் தொகுப்பு, வட்டுக்கு ஒரு கதை. ஒவ்வொரு வட்டிலும் தட எண் 1இலிருந்து மறுபடி தொடங்கும். உங்கள் பிளேயர் வட்டு எண்ணைப் படிக்காமல் தட எண்ணை மட்டும் பார்க்கிறது. அதனால் நான்கு 1களும் ஒன்றாக, நான்கு 2களும் ஒன்றாக நிற்கின்றன.

எளிய வழி: கடைத் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய், அதே வெளியீட்டை எம்4பி வடிவத்தில் மறுபடி இறக்குங்கள், தனியாகப் பணம் கேட்காது. அது ஒலிநூல் வடிவம், அத்தியாயங்கள் கோப்புக்குள்ளேயே வரிசையாக இருக்கும். அதைப் பாட்டு பிளேயரில் திறக்காமல் 'ஸ்மார்ட் ஆடியோபுக் பிளேயர்' போன்ற செயலியில் திறங்கள். நிறுத்திய இடத்தை ஒவ்வொரு நாடகத்துக்கும் தனித்தனியே நினைவில் வைத்திருக்கும். ஐஃபோனுக்கு 'புக்பிளேயர்'.

எம்பி3யே வேண்டுமென்றால் கணினியில் 'எம்பி3டேக்' என்ற இலவச மென்பொருள் போதும். நான்கு வட்டின் தடங்களையும் ஒரே ஃபோல்டரில் சரியான வரிசையில் வைத்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, டூல்ஸ் பட்டியில் ஆட்டோ-நம்பரிங் விசார்டைத் திறங்கள். தொடக்க எண் 1, முன்சுழியம் சேர்க்கும் கட்டத்தில் டிக். முன்சுழியத்தை விட்டுவிட்டால் சில பிளேயர்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். பிறகு வட்டு எண் கட்டத்தைக் காலியாக்கிச் சேமியுங்கள்.

இன்னொன்று: தொகுப்பின் கடைசியில் நடிகர்கள், எழுத்தாளர்களின் நேர்காணல் இருந்தால் அதைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்திவிடுங்கள். முடிவெல்லாம் அதில் உடையும்.

நள்ளிரவு மணி:
அலைவரிசை சொன்னது சரி, ஆனால் சார்லி போலார்டை ஒதுக்கிவிடாதீர்கள். எட்டாம் டாக்டர் ஒலியில் பிறந்ததே 2001 ஜனவரியில் வந்த 'ஸ்டார்ம் வார்னிங்' நாடகத்தில். 1930 அக்டோபர் 5 அதிகாலை பிரான்சில் விழுந்து எரிந்த ஆர்101 வான்கப்பல்தான் களம். அதில் இறந்திருக்க வேண்டிய சார்லியை டாக்டர் காப்பாற்றிவிடுகிறார், அதற்கான விலை அடுத்தடுத்த கதைகளில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகிறது.

ராபர்ட் ஷியர்மன் எழுதிய 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்' (2002) நாடகத்தைத் தனியாகக் கேட்கலாம் என்று பலரும் பரிந்துரைப்பார்கள். கேட்காதீர்கள். எட்வர்டு காலத்து மாளிகையின் வேலையாட்கள் கூடம், கிறிஸ்துமஸ் முன்னிரவு, மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு சாவு. மேலோட்டமாகப் பார்த்தால் தனிக்கதைதான். அதன் முடிச்சு ஆர்101இல் இருக்கிறது. 'ஸ்டார்ம் வார்னிங்' கேட்காதவருக்குப் பாதிதான் கிடைக்கும்.

வரிசை: 'ஸ்டார்ம் வார்னிங்', 'ஸோர்ட் ஆஃப் ஓரியன்', 'தி ஸ்டோன்ஸ் ஆஃப் வெனிஸ்', 'இன்வேடர்ஸ் ஃப்ரம் மார்ஸ்', 'தி சைம்ஸ் ஆஃப் மிட்நைட்', 'சீசன்ஸ் ஆஃப் ஃபியர்', 'நெவர்லேண்ட்'. நடுவில் 'மினுவெட் இன் ஹெல்' உண்டு, டாக்டரின் பழைய ராணுவ நண்பர் பிரிகேடியர்மேல் பிரியமிருந்தால் கேளுங்கள்.

அலைவரிசை:
'நெவர்லேண்ட்' முடிந்ததும் 'ஸாக்ரியஸ்' என்று சொல்லிவிடாதீர்கள். 40ஆம் ஆண்டு விழாவுக்கு 2003இல் வந்த 50ஆவது வெளியீடு, மூன்று வட்டு. பழைய டாக்டர்களின் குரல்களும் டாக்டரின் இனமான டைம் லார்டுகளின் வரலாறும் அடைத்து வைத்தது. புதியவர்கள் கேட்பதை விட்டுவிடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நள்ளிரவு மணி:
விட்டால் 'ஷெர்ட்ஸோ' புரியாதே. இரண்டே நடிகர்கள், மெக்கனும் சார்லியாக நடிக்கும் இந்தியா ஃபிஷரும், வேறு குரலே கிடையாது. ஒலியால் மட்டுமே சாத்தியமான கதை அது. அதற்காகவாவது 'ஸாக்ரியஸ்' கேட்கத்தான் வேண்டும். ஒரே மூச்சில் வேண்டாம், வட்டுக்கு ஒரு நாள். கெரிஸ் வருவது 'ஷெர்ட்ஸோ'வுக்கு அடுத்த நாடகத்தில்.

சாரல்:
எம்4பி வேலை செய்கிறது, நன்றி. லூசியில் தொடங்கி, பிறகு சார்லிக்குப் போகிறேன். நான்காம் தொடரின் நடிகர் பட்டியலில் சூசன், அலெக்ஸ் என்று இரண்டு பெயர் இருக்கிறதே, அதற்குத் தனியாக ஏதாவது கேட்க வேண்டுமா?

அலைவரிசை:
கட்டாயம். நல்லவேளை கேட்டீர்கள். 'ஆன் எர்த்லி சைல்ட்' (An Earthly Child), 2009 டிசம்பர். முதலில் சந்தாதாரர்களுக்கான இணைப்பாக வந்ததால் எந்தத் தொடரின் பட்டியலிலும் இருக்காது, தனியாகத் தேடி எடுக்க வேண்டும். 1964இல் டாக்டர் பூமியில் விட்டுச்சென்ற பேத்தி சூசனேதான், அதே கரோல் ஆன் ஃபோர்ட் குரலில். அலெக்ஸ் சூசனின் மகன். நான்காம் தொடரில் 'ரிலேட்டிவ் டைமென்ஷன்ஸ்' வருவதற்குள் கேட்டு முடித்துவிடுங்கள்.

பொறிவல்லி:
பின்னால் வரும் ஒன்று. 'டார்க் ஐஸ்' இரண்டாம் தொகுப்பில் லிவ் செங்கா சேர்கிறார், நடிப்பது நிக்கோலா வாக்கர். அவர் முதலில் தோன்றியது ஏழாம் டாக்டரோடு, 2011இல் வந்த 'ரோபோஃபோபியா'வில். முதல் தொகுப்புக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் கேளுங்கள்.

ஒற்றைக் காதில் மாட்டிக் கேட்பதாக இருந்தால் போனின் அணுகல்தன்மை அமைப்பில் மோனோ ஆடியோவை இயக்குங்கள். ஒரு பாத்திரம் இடப்பக்கம், இன்னொன்று வலப்பக்கம் என்று குரல்களைப் பிரித்து வைத்திருப்பார்கள். இல்லாவிட்டால் பாதி உரையாடல் எங்கோ தூரத்தில் கேட்கும்.