ஐடிஐயா, டிரிபிள் ஈ டிப்ளமோவா? கையில என்ன தொழில் நிக்கும்?

சூலூர்க்காரன்:
வணக்கமுங்க. அக்கா பையன் பத்தாவது பாஸ் பண்ணிட்டான். கரண்ட் வேலைன்னா சோறு தண்ணி வேண்டாம், வீட்டு மிக்ஸியைப் பிரிச்சுப் போட்டு உட்கார்ந்திருப்பான். ஐடிஐல எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம், பாலிடெக்னிக்ல டிரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ்) டிப்ளமோ மூணு வருஷம். அந்தக் கூடுதல் ஒரு வருஷத்துல கைக்குப் புதுசா என்னங்க வரும்?

சீரிஸ்லேம்ப்:
மில் மெயின்டனன்ஸ்ல 18 வருஷமா இருக்கேன், ஐடிஐ ஆளு. யோசிக்காம ஐடிஐல போடுங்க. பைப் வளைக்கிறது, வயர் நுனியில லக் அடிக்கிறது, ஸ்டார்ட்டர் வயரிங், எர்த் போடுறதுன்னு எல்லாம் கைக்குப் பழகிடும்.

டிப்ளமோ கதை ஒண்ணு சொல்றேன். 20 ஹெச்பி மோட்டார், ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர், அதாவது முதல்ல ஸ்டார் இணைப்புல கிளப்பி அப்புறம் டெல்டாவுக்கு மாத்துறது. நேம் பிளேட்ல 27 ஆம்ப்ஸ்னு இருக்கு. கரண்ட் அளவு மீறினா மோட்டாரை நிறுத்துறது ஓவர்லோடு ரிலே, புதுசா சேர்ந்த டிப்ளமோ தம்பி அதையும் 27-ல வெச்சுட்டான். ரெண்டு மாசம் கழிச்சு பேரிங் இறுகி மோட்டார் திணறுது, ரிலே அசையவே இல்ல. வார்னிஷ் கருகுற வாசம் கேன்டீன் வரைக்கும் வந்துச்சு. ஸ்டார் டெல்டாவுக்கு 16-ல வெக்கணும்னு எங்க ஹெல்ப்பருக்கே தெரியும்.

மூணுஃபேஸ்:
சீரிஸ்லேம்ப் சார், ஏன் 16?

சீரிஸ்லேம்ப்:
எங்க ஃபோர்மேன் அப்படித்தான் வெப்பாரு. இதுவரைக்கும் எதுவும் எரியல.

மூணுஃபேஸ்:
இதுக்குத்தான் கேட்டேன். நான் டிப்ளமோ, இப்போ பேனல் போர்டு கம்பெனில டெஸ்டிங். மோட்டார் டெல்டாவுல ஓடும்போது லைன்ல வர்ற 27 ஆம்ப்ஸ் மோட்டார் காயிலுக்குள்ள அப்படியே போகாது. ரூட் மூணால வகுத்தா 15.6தான். உங்க ஸ்டார்ட்டர்ல ரிலே காயில் பக்கம் உட்கார்ந்திருக்கு, அதனால 16 சரி. சில பேனல்ல ரிலேயை மெயின் லைன்லயே போட்டிருப்பாங்க. அங்க 16 வெச்சா லோடு ஏறினதும் டிரிப் ஆகும். டிராயிங்கைப் பார்த்து ரிலே எந்தப் பக்கம்னு சொல்லத் தெரியணும். மூணு வருஷத்துல வர்ற தொழில் அதுதான்.

அந்தத் தம்பி பண்ணினது தப்பு, மறுக்கல. ரூட் மூணு அவனுக்குப் பரீட்சைல தெரிஞ்சிருக்கும், ரிலே முன்னாடி நின்னப்போ மறந்திருக்கும்.

சீரிஸ்லேம்ப்:
சரி, ஒண்ணு ஒத்துக்கிறேன். போன வருஷம் புதுப் பேனல் ஒண்ணு 16-ல நிக்கவே இல்ல. டிரிப் ஆக ஆக டயலைத் திருகிட்டே போய் 27-ல விட்டேன். ரிலேதான் மட்டம்னு கடைக்காரனைத் திட்டிட்டு வந்தேன், பாவம்.

ஆனா உங்க ஆளுங்களையும் பார்த்திருக்கேன் சார். மோட்டார் வேகத்தை மாத்துற எலக்ட்ரானிக் டிரைவ்ல மாட்டியிருந்த மோட்டார் கேபிளைக் கழட்டாமலே, இன்சுலேஷன் பார்க்கிற 500 வோல்ட் மெக்கர் போட்டு டிரைவையே காலி பண்ணினவர் உங்க டிப்ளமோ ஆளுதான்.

ரெக்கார்ட்நோட்டு:
பாலிடெக்னிக் லேப்ல வேலை பார்க்கிறவ நான். ரெண்டு பேரும் எங்க பக்கம் நடக்கிறதைச் சொல்லல. ஒரு மோட்டாரைச் சுத்தி பத்துப் பசங்க நிப்பாங்க. ரெண்டு பேர் கனெக்‌ஷன் கொடுப்பாங்க, ஒருத்தன் ரீடிங் சொல்லுவான், மீதி ஏழு பேர் எழுதுவாங்க. எழுதினவங்களுக்கும் மார்க் விழும். அதுல ஒருத்தனாத்தான் மூணுஃபேஸ் சார் சொல்ற அந்தத் தம்பியும் இருந்திருப்பான்.

சூலூர்க்காரன் அண்ணே, ரெண்டுல ஒண்ணுன்னு முடிவு கட்ட வேண்டாம். ஐடிஐ முடிச்சவங்க டிப்ளமோ ரெண்டாம் வருஷத்துல நேரா சேரலாம், டிப்ளமோ முடிச்சவங்க பிஇ ரெண்டாம் வருஷத்துல சேரலாம். டிப்ளமோவோட அனுபவமும் இருந்தா மேற்பார்வையாளருக்கான சி லைசென்ஸுக்கும் போடலாம். பையனுக்குக் கணக்கு வருமா?

சூலூர்க்காரன்:
கணக்குல 81ங்க.

ரெக்கார்ட்நோட்டு:
அப்போ டிப்ளமோ. ஆனா காலேஜ் கட்டடத்தைப் பார்த்துட்டு வந்துடாதீங்க. மெஷின் லேபைத் திறக்கச் சொல்லி ஸ்டார்ட்டர் டெர்மினல் ஸ்க்ரூவைப் பாருங்க. தலை தேய்ஞ்சு கீறல் விழுந்திருந்தா பசங்க கை படுதுன்னு அர்த்தம்.

சீரிஸ்லேம்ப்:
இது நல்ல யோசனை. எந்தக் காலேஜா இருந்தாலும் லீவுல எங்கயாவது ஒர்க்‌ஷாப்ல விடுங்க, காயில் கட்டட்டும். 16 ஏன்னு நானும் இனிமே சொல்லிக் கொடுப்பேன்.

மூணுஃபேஸ்:
மெக்கர் போடுறதுக்கு முன்னாடி டிரைவைக் கழட்டணும்னு நான் சொல்லிக் கொடுக்கிறேன் சார் 🙂

சூலூர்க்காரன்:
இன்னிக்கு ஒரு காலேஜ் போய்ப் பார்த்தோமுங்க. ஏசி ரிசப்ஷன், பெரிய நோட்டீஸ். லேபுக்குச் சாவி தேடவே கால் மணி நேரம் ஆச்சு. ஸ்க்ரூ அத்தனையும் கடையில வாங்கின மாதிரியே மின்னுது. பையனே "மாமா, போலாம்"னுட்டான். சனிக்கிழமை இன்னொண்ணு பார்க்கப் போறோம்.