ஜப்பானிய வீட்டு வடிவமைப்பில் தட்பவெப்பம்

கேள்வி: ஜப்பானின் பழைய மரவீடுகள் புழுக்கமான கோடையை மனத்தில் கொண்டே கட்டப்பட்டன என்பர். இன்றைய வீடுகளையும் தட்பவெப்பம்தான் தீர்மானிக்கிறதா, ஐயா?

மறுமொழி 1: ஆம். வடக்கே பனி மிகுந்த சப்போரோ நகரில் கூரைப்பனி பக்கத்து மனையில் சரிந்து விழாதபடி, நடுப்பகுதி சற்றே தாழ்ந்து, உருகிய நீரை வீட்டினுள் செல்லும் குழாய்வழியே இறக்கும் தட்டைக் கூரைகள் பரவலாக உள்ளன. வாசலுக்கு முன் குளிர்காற்றைத் தடுக்கும் சிறு கண்ணாடி அறையையும் காணலாம்.

மறுமொழி 2: தெற்கே வெப்பமான தீவுப்பகுதியான ஒகினாவா இதற்கு நேர்மாறு. சூறாவளிக்கும் கரையானுக்கும் அஞ்சி, இரண்டாம் உலகப் போருக்குப்பின் அங்கே கான்கிரீட் வீடுகள் பெருகின. துளைகளிட்ட கான்கிரீட் கற்களாலான சுவர் வெயிலை மறைத்துக் காற்றை விடுகிறது. அதன் நிழல் தரையில் கோலம்போல் விழுவது எனக்கு மிகவும் பிடிக்கும்.

மறுமொழி 3: டோக்கியோவின் பழைய வீடுகளில் ஒற்றைக் கண்ணாடியும் அலுமினியச் சட்டமும் இருப்பதால், குளிர்காலக் காலைகளில் சன்னலில் நீர் வழியும். புதிய வீடுகள் யாவும் ஆற்றல் சேமிப்புத் தரத்தை நிறைவுசெய்ய வேண்டும் என்ற விதி 2025 ஏப்ரலில்தான் வந்தது. மிகவும் தாமதம் என்பதே என் கருத்து.