1698 மே மாதத்தில் திருமணம், 1698 பிப்ரவரியில் குழந்தை: இங்கிலாந்துக் கிராம ஆலயப் பதிவேட்டைப் படிப்பதில் உதவி தேவை

நார்ஃபோக் வாசகி (கேள்வி)

வணக்கம். இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஒரு சிறு கிராமத்தில் வசிக்கிறேன். எங்கள் ஊர் ஆங்கிலிக்கன் ஆலயத்தின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை ஊர் வரலாற்றுக் குழுவினர் கணினியில் ஏற்றி வருகிறார்கள். நானும் அப்பணியில் சேர்ந்திருக்கிறேன். ஒரே உழவர் குடும்பத்தை மூன்று தலைமுறைக்குத் தொடர்ந்து பார்த்தபோது பின்வரும் சிக்கல்கள் எழுந்தன.

முதலாவது, கணவனும் மனைவியும் 1698 மே 12 அன்று மணந்ததாகத் திருமணப் பக்கத்தில் இருக்கிறது. ஆனால் அவர்களுடைய தலைமகனின் ஞானஸ்நானம் 1698 பிப்ரவரி 26 என்று எழுதப்பட்டிருக்கிறது. மென்பொருள் இதைப் பிழை என்று சிவப்பில் காட்டுகிறது. திருமணத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை என்று குழுவில் சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அத்தகைய பிள்ளைகளுக்கு அதே போதகர் வேறிடங்களில் வெளிப்படையாகவே குறிப்பு எழுதியிருக்கிறார். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தந்தையின் பெயர் சில பதிவுகளில் யாக்கோபுஸ் என்றும் பிற்காலப் பதிவுகளில் ஜேம்ஸ் என்றும் வருகிறது. இவர்கள் இருவரா, ஒருவரா?

மூன்றாவது, அதே பெற்றோருக்கு இரண்டு ஆண்டு இடைவெளியில் மேரி என்ற பெயரில் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள்.

நான்காவது, 1644 முதல் 1653 வரை ஏறத்தாழ ஒரு பதிவும் இல்லை. அதன்பின் சில ஆண்டுகளுக்கு ஞானஸ்நானத்துக்குப் பதிலாகப் பிறந்த நாள் மட்டும் குறிக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, 1741க்குப் பிறகு இக்குடும்பத்தின் ஒரு கிளை, அடக்கப் பதிவுகூட இல்லாமல், ஏட்டிலிருந்து அடியோடு மறைந்துவிடுகிறது. எங்கிருந்து தேடத் தொடங்குவது என்று தெரிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழஞ்சுவடி

வணக்கம் அம்மா. உங்கள் முதல் சிக்கலில் பிழை எதுவும் இல்லை. மென்பொருளுக்குத்தான் பழைய ஆண்டுக்கணக்கு தெரியவில்லை. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25 அன்றுதான் தொடங்கியது. ஆகவே 1698 டிசம்பருக்குப் பின் வரும் ஜனவரியும் பிப்ரவரியும் மார்ச் 24 வரையான நாள்களும் 1698லேயே அடங்கும். சித்திரையில் ஆண்டு பிறக்கும் நம் கணக்கில் தையும் மாசியும் பழைய ஆண்டின் கடைசியில் வருவதைப் போன்றதே இது. ஏட்டின் அந்தப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் பாருங்கள்: அக்டோபர், டிசம்பர் பதிவுகளுக்குக் கீழேதான் பிப்ரவரி வந்திருக்கும். உங்கள் குழந்தையின் ஞானஸ்நானம் நம் கணக்கில் 1699 பிப்ரவரி 26. திருமணம் முடிந்து ஒன்பதரை மாதம். வரலாற்றாளர்கள் இதை 1698/9 என்று இரட்டை ஆண்டாக எழுதுவது வழக்கம். நீங்களும் அப்படியே எழுதலாம்.

1751ஆம் ஆண்டுக்கு ஜனவரி, பிப்ரவரி மாதங்களே இல்லை. அது மார்ச் 25இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிந்துவிட்டது. அடுத்த ஆண்டில் செப்டம்பர் 2ஆம் தேதிக்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. அந்த இடைப்பட்ட நாள்களில் பதிவு எதையும் தேட வேண்டாம். இன்னொன்று: 7 என்ற எண்ணையும் அதையொட்டி ‘பெர்’ என்ற ஒலிக்குரிய எழுத்துகளையும் கண்டால் அது செப்டம்பர்; ஜூலை அல்ல (இலத்தீனில் ‘செப்டெம்’ என்றால் ஏழு). 8 என்றால் அக்டோபர்.

யாக்கோபுஸும் ஜேம்ஸும் ஒருவரே. தமிழ் வேதாகமத்தில் யாக்கோபு என்று நாம் படிக்கும் சீஷனை ஆங்கிலத்தில் ஜேம்ஸ் என்றே சொல்கிறார்கள். கற்ற போதகர் ஒருவர் ஊருக்கு வந்தால் ஏடு இலத்தீனுக்கு மாறுவதும், அவர் போனபின் ஆங்கிலத்துக்குத் திரும்புவதும் இயல்பாக நடந்தவை. நீதிமன்ற ஆவணங்களில் இலத்தீனைக் கைவிட வேண்டும் என்ற சட்டம் 1733இல் நடைமுறைக்கு வந்தபின் ஆலய ஏடுகளிலும் இலத்தீன் அருகிவிட்டது. எழுதியவர்களின் இலத்தீனை நம்பிப் பொருள் பிரிக்கவும் கூடாது. ஷேக்ஸ்பியரின் ஞானஸ்நானம் ஸ்ட்ராட்ஃபோர்டு ஏட்டில் 1564 ஏப்ரல் 26 அன்று பதிவாகியிருக்கிறது. அங்கே தந்தையின் பெயர் யோஹன்னிஸ் என்று வேற்றுமை ஏற்று வர வேண்டிய இடத்தில் யோஹன்னஸ் என்றே நிற்கிறது.

காப்பக நண்பர்

மேலே சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நீங்கள் பார்ப்பது முதலில் எழுதப்பட்ட ஏடா, பிற்காலப் படியா என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538இல் ஒவ்வொரு பாரிஷும் (ஓர் ஆலயத்தின் பொறுப்பிலுள்ள ஊர்ப்பகுதி) ஏடு வைக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். போதகர், வார்டன்கள் எனப்படும் ஆலயப் பொறுப்பாளர்களின் முன்னிலையில் ஞாயிறுதோறும் அந்த வாரத்துப் பதிவுகளை எழுத வேண்டும் என்பது விதி. பெரும்பாலும் காகிதத்தில் எழுதிய அந்த ஏடுகள் நைந்துபோயின. எலிசபெத் அரசியின் கடைசி ஆண்டுகளில், 1598இல், அவற்றைத் தோலில் பெயர்த்தெழுத ஆணை பிறந்தது. ‘சிறப்பாக அரசியின் முதல் ஆண்டிலிருந்து’ என்ற சொற்கள் அந்த ஆணையில் இருந்ததால், கூலிக்கு எழுதியவர்கள் பலர் அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளை விட்டுவிட்டு 1558இல் தொடங்கிவிட்டார்கள். இங்கிலாந்தின் ஏராளமான ஊர்களில் ஏடு 1558இல் தொடங்குவதற்கு இதுவே காரணம். ஸ்ட்ராட்ஃபோர்டில் இன்று காட்டப்படுவதும் அத்தகைய படிதான். தொடக்கத்தில் பல பத்தாண்டுகள் ஒரே கையெழுத்தில், ஒரே மையில், ஒழுங்காக இருந்தால் அது படி. அங்கே பெயர் விடுபடுவதும் வரி மாறுவதும் நேரும்.

அதே ஆணை இன்னொரு நன்மையையும் செய்தது. ஒவ்வோர் ஆண்டும் அந்த ஆண்டின் பதிவுகளைப் படியெடுத்துப் பேராயருக்கு அனுப்ப வேண்டும் என்று அது விதித்தது. நார்ஃபோக்கைக் கொண்ட நாரிச் பேராயத்தில் பேராயருக்கு அடுத்த நிலை அதிகாரியான ஆர்ச்டீக்கனுக்கு அனுப்பிய படிகளும் இருக்கின்றன. உங்கள் ஏட்டில் எலி கடித்த பக்கமும் நனைந்து கலைந்த பக்கமும் இருந்தால் அந்தப் படிகளில் தேடுங்கள். இரண்டிலும் பதிவு இருந்தாலும் ஒப்பிடுவது நல்லது. ஒன்றில் இல்லாத தொழிலோ வயதோ மற்றொன்றில் கிடைப்பதுண்டு.

ஆனால் 1644க்கும் 1653க்கும் இடைப்பட்ட வெற்றிடத்தில் இது உதவாது. உள்நாட்டுப் போரில் பேராயர் பதவியே 1646இல் ஒழிக்கப்பட்டது. படியைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. பல ஊர்களில் போதகர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சிலர் ஏட்டையும் எடுத்துச் சென்றார்கள். 1653இல் நாடாளுமன்றம் சட்டம் ஒன்றை இயற்றி, ஏட்டைப் போதகரிடமிருந்து எடுத்து ஊரார் தேர்ந்தெடுக்கும் பதிவாளரிடம் ஒப்படைத்தது. திருமணத்தை நீதிபதி நடத்தினார். அந்தச் சட்டம் பிறப்பைப் பதியச் சொன்னதே உங்கள் ஏட்டில் பிறந்த நாள்கள் காணப்படுவதற்குக் காரணம். 1660இல் மன்னராட்சி திரும்பியதும் ஏடு மீண்டும் போதகரின் கைக்கு வந்தது. அந்த ஆண்டுகளில் பிறந்து ஞானஸ்நானம் பெறாதிருந்தவர்கள் வளர்ந்தபின் பெற்றிருக்கிறார்கள். ஆகையால் 1660களில் பெரியவர்களின் ஞானஸ்நானத்தைக் கண்டால் வியக்க வேண்டாம்.

இரண்டு மேரிகளைப் பொறுத்தவரை, இரண்டு ஞானஸ்நானங்களுக்கும் இடையே அடக்கப் பக்கத்தைப் பாருங்கள். முதல் குழந்தை இறந்தால் அடுத்து பிறந்த குழந்தைக்கு அதே பெயரை இடுவது அங்கே வழக்கம்.

நார்ஃபோக் வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. பிப்ரவரிப் பதிவு டிசம்பருக்குக் கீழேதான் இருக்கிறது. முதல் மேரி பதினொரு மாதக் குழந்தையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறாள். அந்த வரியின் அருகில் ‘கம்பளி உறுதிமொழி’ என்று பொருள்படும் சுருக்கக் குறிப்பு ஒன்று இருக்கிறது. அந்த ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா அடக்கங்களின் அருகிலும் அது இருக்கிறது. மேலும் 1783க்குப் பிறகு சில பெயர்களின் பக்கத்தில் ‘பி’ என்ற ஓர் எழுத்து மட்டும் வருகிறது. இவை எதைக் குறிக்கின்றன? 1741இல் மறைந்த கிளையைப் பற்றியும் சொல்லுங்கள்.

பழஞ்சுவடி

கம்பளிக் குறிப்பு வரிச் சட்டத்தைச் சேர்ந்தது அன்று, வணிகத்தைக் காக்க வந்தது. இங்கிலாந்தின் ஆட்டுரோமத் தொழிலைத் தாங்கிப்பிடிக்க, பிணத்தை ஆங்கிலக் கம்பளித் துணியில் மட்டுமே சுற்றிப் புதைக்க வேண்டும் என்று 1666இலும், பின்னர் இன்னும் கடுமையாக 1678இலும் சட்டம் செய்தார்கள். எட்டு நாளுக்குள் ஒருவர் அதற்கு உறுதிமொழி தர வேண்டும். தவறினால் 5 பவுண்டு அபராதம். லினன் என்னும் சணல்நார்த் துணியிலேயே போக வேண்டும் என்று விரும்பிய செல்வர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டுப் புதைத்தார்கள். துணிக்கே வழியில்லாதவர்களின் பெயருக்கு அருகில் ‘ஆடையின்றி’ என்று எழுதிய ஏடுகளும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவிலேயே இது வழக்கொழிந்துவிட்டது. சட்டம் நீக்கப்பட்டது 1814இல்தான்.

‘பி’ என்பது ஏழை என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. 1783 அக்டோபர் முதல் 1794 வரை ஏட்டின் ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் முத்திரை வரி இருந்தது. ஊர் நிவாரணம் பெறும் ஏழைகளுக்கு மட்டும் விலக்கு. ஆனால் அந்த எழுத்தைக் கொண்டு ஒரு குடும்பத்தின் நிலையை அப்படியே முடிவு செய்துவிடாதீர்கள். ஏழைகள்மேல் இரக்கம் கொண்ட போதகர் தாராளமாகவே அந்த எழுத்தைப் போட்டிருக்கலாம். 1783 செப்டம்பரில் ஒரே குடும்பத்தின் பல வயதுப் பிள்ளைகள் ஒரே நாளில் ஞானஸ்நானம் பெற்றிருந்தால், வரிக்கு முந்திக்கொள்ள வந்தவர்கள் என்று கொள்ளலாம்.

காப்பக நண்பர்

மறைந்த கிளைக்கு வருகிறேன். இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். ஏட்டில் இல்லை என்பதால் ஊரில் இல்லை என்று பொருளாகாது. அது ஆலயத்தில் நடந்த சடங்குகளின் பதிவு மட்டுமே. குவேக்கர், பாப்டிஸ்டு, காங்கிரிகேஷனல் போன்ற, ஆங்கிலிக்கன் அல்லாத கிறித்தவ சபைகளில் சேர்ந்தவர்களின் பிள்ளைகள் அதில் இருக்க மாட்டார்கள். அச்சபைகளில் பல தம் ஏடுகளை 1837க்குப் பின் அரசிடம் ஒப்படைத்தன. அவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஹார்ட்விக் பிரபுவின் திருமணச் சட்டம் 1754 மார்ச் 25 அன்று நடைமுறைக்கு வந்தபின், குவேக்கர்களும் யூதர்களும் தவிர எல்லாரும் ஓலை வாசித்தோ (ஆலயத்தில் திருமண அறிவிப்பைப் படித்தோ) உரிமம் பெற்றோ ஆங்கிலிக்கன் ஆலயத்தில்தான் மணக்க வேண்டியிருந்தது. ஆகையால் அடுத்த தலைமுறை திருமண ஏட்டில் மட்டும் திடீரென்று மீண்டும் தலைகாட்டலாம். அந்த அச்சிட்ட படிவங்களில் மணமக்களும் சாட்சிகளும் கையொப்பமிட்டார்கள், எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக் குறியிட்டார்கள். அந்தக் குறிகளையும் தவறாமல் பதிவு செய்யுங்கள். (ஹாம்ப்ஷயரின் ஸ்டீவன்டன் ஏட்டில், மாதிரிக்காக அச்சிட்ட பக்கத்தில், போதகரின் மகள் ஜேன் ஆஸ்டின் கற்பனை மணமகன்களைத் தமக்குச் சூட்டி விளையாட்டாக எழுதிய வரிகள் இன்றும் இருக்கின்றன. அவற்றை மென்பொருளில் ஏற்றியிருந்தால் அவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணவர்கள் இருந்திருப்பார்கள்.)

ஆனால் உழவுத் தொழிலாளர் குடும்பம் என்றால் நான் முதலில் தேடுவது ஆலயப் பெட்டியின் மற்ற தாள்களை. போதகருக்கும் இரண்டு வார்டன்களுக்கும் ஆளுக்கொரு சாவி என்று மூன்று பூட்டுகள் கொண்ட பெட்டி பல ஆலயங்களில் இருந்தது. ஏட்டோடு வார்டன்களின் கணக்கு, ஊர்க்கூட்டத் தீர்மானங்கள், ஏழைகளுக்குப் பணம் கொடுத்த மேற்பார்வையாளர்களின் கணக்கு ஆகியவையும் அதில் கிடந்தன. 1601இன் சட்டப்படி ஒவ்வொரு பாரிஷும் தன் ஏழைகளைத் தானே தாங்க வேண்டும். அதனால் ‘தன் ஏழை யார்’ என்ற கேள்வி எழுந்தது; 1662இன் குடியிருப்புச் சட்டம் அதற்கு விடை சொல்ல முயன்றது. மணமாகாத ஒருவர் ஓர் ஊரில் முழு ஓராண்டு கூலிக்கு அமர்ந்தாலோ, தொழில் பயின்றாலோ, ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகையில் நிலமோ வீடோ எடுத்தாலோ அந்த ஊர் உரிமை அவருக்குக் கிடைக்கும், பிறந்த ஊரின் உரிமை போய்விடும். பின்னாளில் அவர் நிவாரணம் கேட்டால் இரண்டு நீதிபதிகள் விசாரித்து, வெளியேற்ற ஆணை பிறப்பித்து, மனைவி மக்களோடு அந்த ஊருக்கே அனுப்பிவிடுவார்கள். விசாரணைத் தாளில் எங்கே பிறந்தார், யாரிடம் வேலை செய்தார், என்ன கூலி என்று அவருடைய வாழ்க்கையே ஒரு பக்கத்தில் இருக்கும். எழுத்தறியாத உழவரின் வாய்மொழி இந்த அளவுக்குக் கிடைக்கும் இடம் வேறு இல்லை என்பது என் எண்ணம். அரசர்களைப் பற்றி எழுதுவோர் இந்தத் தாள்களைத் தொடுவதே இல்லை.

1978இன் ஆலய ஆவணச் சட்டத்துக்குப் பின், நூறாண்டுக்கு மேற்பட்ட ஏடுகள், பேராயரின் சிறப்பு அனுமதி இருந்தாலொழிய, காப்பகத்துக்குச் செல்ல வேண்டும். நார்ஃபோக்குக்கான காப்பகம் நாரிச்சில் இருக்கிறது. உங்கள் ஊரின் பெயரில் ‘மேற்பார்வையாளர் தாள்கள்’ உண்டா என்று அட்டவணையில் பாருங்கள். வெளியேற்ற ஆணையின் படி இரண்டு ஊர்களிலும் இருந்திருக்கும் என்பதால், ஒன்றில் அழிந்தது மற்றொன்றில் கிடைக்கலாம்.

நார்ஃபோக் வாசகி

காப்பகத்தில் எங்கள் ஊர்த் தாள்களில் ஒன்றும் அகப்படவில்லை. ஆனால் அங்கே பணிபுரிபவர் சொன்னபடி அண்டை ஊர்களின் கட்டுகளைப் பார்த்தபோது, பத்து மைல் தள்ளியுள்ள ஓர் ஊரின் கட்டில் 1742 ஜனவரித் தேதியிட்ட வெளியேற்ற ஆணை கிடைத்தது. கணவன், மனைவி, மூன்று பிள்ளைகள். அவர் இளமையில் அங்கே ஓராண்டு பண்ணைவேலை செய்திருக்கிறார்; அதனால் பிறந்த ஊரிலிருந்தே அங்கு அனுப்பப்பட்டிருக்கிறார். ஜனவரி என்பதால் இதை 1742/3 என்று குறித்துக்கொள்ளலாமா?

பழஞ்சுவடி

அதில் நீதிபதிகள் மன்னர் இரண்டாம் ஜார்ஜின் ஆட்சியாண்டையும் எழுதியிருந்தால் அதைப் பாருங்கள். அவர் 1727 ஜூன் 11 அன்று அரியணை ஏறினார்; பதினாறாம் ஆட்சியாண்டு என்றிருந்தால் அது 1743 ஜனவரி, பதினைந்தாம் ஆண்டு என்றால் 1742 ஜனவரி. இரண்டாவதாக இருந்தால், எழுதியவர் ஜனவரியிலேயே புத்தாண்டைத் தொடங்கியவர் என்று பொருள்; சட்டம் மாறும் முன்பே அப்படி எழுதியவர்கள் இருந்தார்கள். தாளில் உள்ளதை ஒரு பத்தியிலும் நீங்கள் கணித்ததை மற்றொரு பத்தியிலும் எழுதுங்கள்.

நார்ஃபோக் வாசகி

பதினாறாம் ஆண்டு என்றே இருக்கிறது, ஆக 1743. அந்த ஊரின் அடக்க ஏட்டை அந்த ஆண்டிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.