கரண்ட் வந்தது, கம்ப்யூட்டர் யாரையும் உள்ளே விடவில்லை: வீட்டு சர்வர் அனுபவங்கள்

குகையிலிருந்து

எங்கள் வீடு சேலம் குகைப் பகுதியில். மாடியில் அண்ணன் குடும்பம், கீழே நாங்களும் அப்பாவும். அண்ணனுக்குச் சேலைக்கு ஜக்கார்டு டிசைன் போடும் வேலை. அப்பா நூல் கணக்கை எக்செல்லில் வைத்திருக்கிறார். பிள்ளைகள் மூன்று பேர், கம்ப்யூட்டர் நான்கு. அவரவர் ஃபைல் அந்தந்த மெஷினில் கிடந்ததால் ஒருவர் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. மாடிக்கும் கீழுக்கும் பென் டிரைவ்தான் தபால்காரர். ஒருமுறை எது கடைசி டிசைன் என்று அண்ணனுக்கே குழம்பி, பழைய டிசைனுக்குத் தறி அட்டை பஞ்ச் செய்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் எல்லார் ஃபைலையும் ஒரே இடத்தில் வைக்க ஒரு சர்வர் வைப்பது என்று முடிவெடுத்தேன்.

பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். 8 ஜிபி ராம், இரண்டு 2 டிபி டிஸ்க். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே எழுதப்படும்படி ரெய்டு போட்டு, டெபியன் லினக்ஸும், ஃபைல்களை நெட்வொர்க்கில் பகிரும் சம்பா என்ற மென்பொருளும் ஏற்றினேன். "சம்பாவா? அரிசியா?" என்று அப்பா கேட்டார். கம்ப்யூட்டர்களை இணைக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்ச் 100 எம்பிபிஎஸ், அதனால் நொடிக்கு 11 எம்பிக்கு மேல் நகரவில்லை. ஜிகாபிட் சுவிட்ச் மாற்றியதும் அதே ஃபைல் 100 எம்பியைத் தாண்டி ஓடியது. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

எனக்குப் பேராசை. யார் எந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, அவரவர் ஃபைல் கண் முன்னால் வர வேண்டும். 2012 டிசம்பரில் வந்த சம்பா 4.0 முதலே அது ஆக்டிவ் டைரக்டரி டொமைன் கன்ட்ரோலராகவும் இயங்கும். அதாவது, டொமைன் என்ற ஒரே குழுவில் சேர்த்த எல்லாக் கம்ப்யூட்டரின் லாகினையும் ஒரே இடத்திலிருந்து சரிபார்க்கும். பெரிய கம்பெனிகளில் இருக்கிற ஏற்பாடு செலவில்லாமல் நம் வீட்டிலா என்று குஷியில் இறங்கிவிட்டேன்.

முதல் அடி விண்டோஸிடம். இரண்டு லேப்டாப்பில் இருந்தது ஹோம் பதிப்பு. அது டொமைனில் சேரவே சேராது, ப்ரோ வேண்டும். ஒரு இரவு முழுக்க செட்டிங்ஸைத் தோண்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. அந்த இரண்டையும் லினக்ஸ் மின்ட்டுக்கு மாற்றினேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள், பழகிவிட்டது.

அடுத்தது பெயர். டொமைனுக்கு 'வீடு.லோக்கல்' என்று அழகாக வைத்திருந்தேன். 'லோக்கல்' என்று முடியும் பெயர்களை, நெட்வொர்க் முழுக்கக் கூவிப் பெயர் தேடும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கென்று 2013-இலேயே ஒதுக்கிவிட்டார்களாம். மின்ட் மெஷின்கள் சர்வரை, பெயருக்கு முகவரி சொல்லும் வழக்கமான டிஎன்எஸ்ஸில் கேட்காமல் வீடெங்கும் கூவித் தேடிக்கொண்டிருந்தன. நடுவில் பெயர் மாற்றுவது பெரும்பாடு என்பதால் எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து போட்டேன். வீட்டுக்கென்றே 'ஹோம்.ஆர்ப்பா' என்ற முடிவு இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதையே வையுங்கள்.

அப்புறம் நான்கு மாதம் சுகமாக ஓடியது. ஒரு நாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்ட் நிறுத்தினார்கள். என் யூபிஎஸ் அரை மணி நேரம் தாங்கும், அவ்வளவுதான். மாலை கரண்ட் வந்து எல்லாம் எழுந்தன. ஆனால் மின்ட் மெஷின்களில் யாராலும் லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டு சரி, கேபிள் சரி, சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தால் (பிங்) பதிலும் வருகிறது. அண்ணன் மகளுக்கு மறுநாள் பிராஜெக்ட் கொடுக்க வேண்டும். "சித்தப்பா, என் ஃபைல் இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க" என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

இரவு 11 மணிக்கு, நடந்ததையெல்லாம் சர்வர் எழுதிவைக்கும் லாகைப் பார்த்தபோதுதான் புரிந்தது. சர்வரின் மதர்போர்டில் இருக்கும் காசு பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்ததும் அதன் கடிகாரம் பல மாதம் பின்னால் போய்விட்டது. இன்டர்நெட் இருந்திருந்தால் நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்கும், ஃபைபர் லைன் இன்னும் வரவில்லை. லாகினைச் சரிபார்க்கும் கெர்பரோஸுக்கு நேரம்தான் உயிர். இரண்டு பக்கக் கடிகாரமும் 5 நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் டிக்கெட், அதாவது உள்ளே போகும் அனுமதிச் சீட்டு, தராது. பழைய டிக்கெட்டை யாரோ திருடி மறுபடி நீட்டுகிறார்களோ என்ற சந்தேகத்தில் வைத்த விதி, அதில் தப்பில்லை. கையால் நேரத்தை வைத்தேன், எல்லாரும் உள்ளே போனார்கள். மறுநாள் வாட்ச் கடையில் சிஆர் 2032 வாங்கிப் போட்டேன்.

அந்த வாரமே டொமைனைக் கழற்றிவிட்டேன். இப்போது ஒவ்வொரு மெஷினிலும் அந்த மெஷினுக்கே உரிய லாகின், ஃபைல் மட்டும் சர்வரில். விண்டோஸில் இருக்கிற பெயரும் பாஸ்வேர்டும் சம்பாவில் இருப்பதும் ஒன்றாக வைத்துவிட்டால் ஷேர் (சர்வரில் பகிர்ந்த ஃபோல்டர்) பாஸ்வேர்டு கேட்காமலே திறக்கிறது. சர்வர் படுத்தால் ஷேர் தெரியாது, ஆனால் கம்ப்யூட்டர் திறக்கும். என்னைக் கேட்டால் ஒரு வீட்டுக்கு இதுவே தாராளம்.

இன்னொன்று. அண்ணனின் சின்னப் பையன் ஷேரில் இடம் இல்லை என்று தாத்தாவின் கணக்கு ஃபோல்டரை அழித்துவிட்டான். நெட்வொர்க்கில் அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, ஒரேயடியாகப் போய்விடும். ரெய்டு இருக்கிறதே என்று ஒரு நொடி நிம்மதி. இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழிந்திருந்தது, அதுதானே அதன் வேலை! நான் கேலி செய்த அதே பென் டிரைவில் அப்பா போன மாதக் கணக்கை வைத்திருந்தார். இப்போது சம்பாவின் ரீசைக்கிள் மாட்யூலைப் போட்டிருக்கிறேன். அழித்தது எந்த ஃபோல்டரிலிருந்து போனதோ அதே அடுக்கோடு ஒரு மூலையில் காத்திருக்கும். ஞாயிறுதோறும் தனி டிஸ்க்கைச் செருகி, ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் புரோகிராமால் நகல் எடுத்து, கழற்றி பீரோவில் வைக்கிறேன்.

ஏற்காட்டிலிருந்து

அண்ணா, எங்களுடையது காபித் தோட்டத்து வீடு. எல்லாம் லினக்ஸ் லேப்டாப் என்பதால் நான் சம்பா பக்கம் போகாமல், லினக்ஸில் ஃபைல் பகிரும் இன்னொரு முறையான என்எஃப்எஸ் வைத்தேன். வைத்த மறுநாளே அக்காவின் ஃபைல்கள் எல்லாம் என் பெயரில் தெரிகின்றன, என்னுடையதை அக்கா அழிக்க முடிகிறது. காரணம், என்எஃப்எஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது. உபுண்டுவில் முதலில் உருவாக்கும் ஆளுக்கு 1000 என்ற எண் விழும். என் லேப்டாப்பில் 1000 நான், அக்கா லேப்டாப்பில் 1000 அக்கா. லேப்டாப் சொல்லும் எண்ணை சர்வர் அப்படியே நம்பிவிடும். எனக்கு 1101, அக்காவுக்கு 1102 என்று எல்லா மெஷினிலும் கையால் மாற்றினேன். நாங்கள் நான்கு பேர்தான், அதற்கு எல்லார் கணக்கையும் ஒரே இடத்தில் வைக்கும் டைரக்டரி சர்வர் எதற்கு என்று நானும் நினைக்கிறேன்.

மலையில் எங்கள் எதிரி கரண்ட் கட் அல்ல, இடி. வீட்டிலிருந்து காய் உலர்த்தும் களத்துப் பக்கத்து ஷெட்டுக்கு 60 மீட்டர் நெட்வொர்க் கேபிளை வெளியே இழுத்திருந்தேன். ஒரு மே மாத மழையில் எங்கேயோ விழுந்த மின்னலுக்கு சுவிட்சும் சர்வரின் நெட்வொர்க் போர்ட்டும் கருகிவிட்டன. மாற்று வாங்க 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் போய் வந்தேன். இப்போது அந்த 60 மீட்டருக்கும் ஒளியில் தகவல் போகும் ஃபைபர், செம்பே இல்லை. யாராவது ஷெட்டுக்கு வெளியில் செம்புக் கேபிள் இழுத்திருந்தால் இந்தக் கோடைக்கு முன்னால் மாற்றிவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து

குகை அண்ணன் சொல்வதை முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை. எங்களுடையது கொலுசுப் பட்டறை, வீடும் அதே கட்டடம். டிசைன் படங்களும் எடைக் கணக்கும் பார்க்க ஐந்து பேர். முன்பு எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டு, சுவரில் காலண்டருக்குப் பின்னால் எழுதியிருக்கும். ஒருவர் வேலையை விட்டு நின்றபோது ஐந்து மெஷினிலும் மாற்ற இரண்டு நாள் ஆனது. அதில் ஒன்றை மறந்தும் விட்டோம். இப்போது டொமைனில் ஒருவரின் கணக்கை முடக்கினால் எல்லா இடத்திலும் கதவு சாத்திக்கொள்ளும். வீட்டு ஆட்களுக்கு வேண்டாம், சரி. சம்பளத்துக்கு ஆள் வைத்திருந்தால் வேண்டும்.

அப்புறம், டொமைன் கன்ட்ரோலர் ஒன்றே ஒன்று வைத்ததுதான் அண்ணன் செய்த தப்பு. நான் பழைய லேப்டாப்பை இரண்டாவதாகச் சேர்த்திருக்கிறேன். அதற்கு உள்ளேயே பேட்டரி, தனி யூபிஎஸ் வேண்டாம். பயனர் கணக்குகள் இரண்டுக்கும் நடுவில் தானாகப் பிரதியாகிவிடும். மெஷின்களுக்கான பொது விதிகள் (குரூப் பாலிசி) இருக்கும் சிஸ்வால் ஃபோல்டர் மட்டும் சம்பாவில் தானாகப் போகாது, அதற்கு ஆர்சிங்க் போட்டிருக்கிறேன். அண்ணனின் மின்ட் மெஷின்களில், லாகினைக் கவனிக்கும் எஸ்எஸ்எஸ்டி புரோகிராமின் கேஷ் (முன்பு செய்த லாகினை நினைவில் வைப்பது) ஆன் ஆகியிருந்ததா? இருந்தால் சர்வர் இல்லாமலே லாகின் ஆகியிருக்க வேண்டுமே.

குகையிலிருந்து, மறுபடியும்

ஆன் ஆகித்தான் இருந்தது தம்பி. சர்வர் செத்திருந்தால் கேஷ் கைகொடுத்திருக்கும். அது உயிரோடு உட்கார்ந்து தப்பான நேரம் சொல்லிக்கொண்டிருந்ததுதான் வினை. ஹோம் ஃபோல்டரும் சர்வரில் இருந்ததால், உள்ளே போயிருந்தாலும் பெரிதாக ஒன்றும் செய்திருக்க முடியாது.

காலண்டருக்குப் பின்னால் எழுதுவது எங்கள் வீட்டிலும் உண்டு. இரண்டாவது கன்ட்ரோலர் யோசனை பிடித்திருக்கிறது, டொமைனுக்குத் திரும்பாவிட்டாலும் ஷேரின் பிரதியை வைக்கவாவது ஆகும். பரணில் ஒரு பழைய லேப்டாப் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்க்கிறேன். பேட்டரி உப்பியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு யூபிஎஸ்ஸில்தான் மாட்ட வேண்டும்.