கொக்கிரகுளத்தில் எடுத்த வீடியோ

சமூக வலைத்தளங்களில் தங்கள் பதிவு நீக்கப்பட்ட கதையைப் பலரும் எழுதியிருக்கிறீர்கள். என்னுடையதையும் சொல்கிறேன்.

திருநெல்வேலியில் கொக்கிரகுளம் பக்கம் தாமிரபரணியில் சாக்கடை கலப்பதை 40 விநாடி வீடியோவாக எடுத்துப் போட்டேன். யாரையும் திட்டவில்லை. "இந்தத் தண்ணியத்தான் குடிக்கோம்" என்று ஒரு வரி, அவ்வளவுதான். மறுநாள் காலையில் வீடியோ இல்லை. விதிமீறல் என்று அறிவிப்பு வந்திருந்தது. எந்த விதி என்று அதில் இல்லை.

பாளையங்கோட்டையில் வக்கீலாக இருக்கும் அண்ணாச்சியிடம் போனேன். பேச்சுரிமை இருக்கிறதே, அரசியல் சாசனத்தின் 19(1)(அ) என்று கேஸ் போடலாமா என்றேன். "அது அரசாங்கம் வாயை அடைச்சா கேக்கதுக்கு உள்ள உரிமைல்லா தம்பி. இது தனியார் கம்பெனி" என்றார். 2015இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த 66ஏ பிரிவும் (இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் சிறை என்ற ஐடி சட்டப் பிரிவு) அரசு தண்டிப்பதைப் பற்றியதுதான். 2023 ஜனவரியில் அரசியல் சாசன அமர்வின் பெரும்பான்மை நீதிபதிகள், இந்த உரிமையைத் தனியாருக்கு எதிராகவும் கேட்கலாம் என்றார்கள். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு 40 விநாடி வீடியோவுக்காக ஹைகோர்ட் ஏறி இறங்க நம்மால் ஆகுமா?

திரும்பும் வழியில் ஆற்றங்கரைத் தைப்பூச மண்டபத்தைப் பார்த்தேன். வ.உ.சி. பேசிய இடம். 1908இல் அவரைக் கைது செய்ததும் ஊரே கொதித்து எழுந்தது. வாயை அடைத்தது யார் என்று அன்று எல்லோருக்கும் தெரியும். என் வீடியோவை நீக்கியது ஆளா, மெஷினா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அப்புறம் அண்ணாச்சி சொன்ன வழியில் போனேன். 2021 ஐடி (தகவல் தொழில்நுட்ப) விதிகளின்படி, 50 லட்சம் பேருக்கு மேல் உள்ள தளம் தானாக ஒரு பதிவை நீக்கினால், காரணத்தை முன்பே சொல்லி, மறுத்துப் பேசவும் வாய்ப்புத் தர வேண்டும். அந்த விதியைக் குறிப்பிட்டே தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுதினேன். புகார் கிடைத்ததாக 24 மணி நேரத்துக்குள் பதில் வந்தது. பிறகு "முடிவில் மாற்றமில்லை" என்று ஒரே வரி. அப்போதும் காரணம் இல்லை.

பதில் கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம், எல்லாம் ஆன்லைனில்தான். அந்தக் குழுவை நியமிப்பது மத்திய அரசு என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது. வேறு வழியில்லாமல் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். நீக்கிய அறிவிப்பை அன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தது இப்போது கைகொடுத்தது. நீங்களும் எடுத்து வையுங்கள்.

நேற்றும் கொக்கிரகுளம் போனேன். அதே இடத்தில் அதே கறுப்புத் தண்ணீர்தான் விழுந்துகொண்டிருக்கிறது.