தாத்தா நினைவுக் கோப்பை: குழியும் கொடிக்கம்பமும் (குடும்பக் குழு, ஜூன் 2020)

செந்தில்: அனைவருக்கும் வணக்கம். தாத்தா நினைவுக் கோப்பைக்கான கோல்ஃப் போட்டியை இந்த ஆண்டும் விட்டுவிட வேண்டாம், அவரவர் ஊரில் ஒரே சனிக்கிழமையில் ஆடி ஸ்கோர் அட்டையின் படத்தை இங்கே அனுப்பினால் போதும் என்று அப்பா நேற்றுத் தொலைபேசியில் சொன்னார். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கொரோனாவுக்காக ஒவ்வொரு கிளப்பும் குழியையும் கொடிக்கம்பத்தையும் தன் விருப்பப்படி மாற்றி வைத்திருக்கிறது. உங்கள் ஊரில் குழி இப்போது எப்படி இருக்கிறது என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். எல்லாருக்கும் பொதுவான விதி ஒன்றை நான் எழுதித் தருகிறேன்.

கார்த்திக்: ஹூஸ்டனில் குழிக்குள் பதிக்கும் குவளை தரைக்கு மேலே நிற்கிறது.

மீனா: ஓர் அங்குலம் மேலே. பந்து அதில் தட்டினால் போதும், குழியில் விழுந்ததாகக் கணக்கு.

வித்யா: எடின்பரோவில் மே 29ஆம் தேதிதான் மைதானங்கள் திறந்தன, அண்ணா. இங்கே குவளையைக் கவிழ்த்துப் பதித்திருக்கிறார்கள். பந்து பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறது. கொடியைத் தொடக் கூடாது.

கோபால்: நம் கிளப்பில் குழிக்குள் நுரைக்குழல். செந்திலுக்கே தெரியும். என்னுடன்தானே ஆடுகிறான்.

சரசுவதி: செந்தில், ஆட்டம் முடிந்ததும் உன் சித்தப்பாவைக் கை கழுவச் சொல். நேராக அடுக்களைக்குள் வருகிறார்.

இராமநாதன்: கொடியைக் குழியிலேயே வைத்துக்கொண்டு, பந்தைக் குழிக்கு உருட்டிப் பட் அடிப்பதா? அப்பா உதகையில் வெள்ளைக்காரர்களுக்குப் பை சுமக்கப் போனபோது முதலில் கற்றுக்கொண்டது கொடி பிடிக்கும் முறையைத்தான். தன் நிழல் குழியின்மேல் விழாத பக்கத்தில் நிற்க வேண்டும். துணி காற்றில் படபடக்காமல் கம்பத்தோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். பந்து வரும் நேரத்தில் கம்பம் சிக்கிக்கொள்ளாதபடி முன்னதாகவே அதைச் சற்று அசைத்துத் தளர்த்தி வைத்திருக்க வேண்டும். அவர் பெயரில் நடக்கும் போட்டியில் கொடியை யாரும் தொடக் கூடாது என்றால் எப்படி?

மீனா: அண்ணா, 2019 ஜனவரியிலேயே விதி மாறிவிட்டது. பந்து கொடிக்கம்பத்தில் பட்டாலும் தண்டனை இல்லை.

இராமநாதன்: மாறியது தெரியும். நான் ஏற்கவில்லை.

செந்தில்: அப்பா, அந்த மாற்றம் வந்திராவிட்டால் இன்று எந்தக் கிளப்பும் நிம்மதியாகத் திறந்திருக்க முடியாது. பழைய விதியில், குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற புல்தரையிலிருந்து அடித்த பந்து குழியில் நிற்கும் கொடிக்கம்பத்தில் பட்டால், மொத்த அடிகளை எண்ணும் ஸ்ட்ரோக் ஆட்டத்தில் இரண்டு அடி தண்டனை. அதனால்தான் ஒவ்வொரு பட்டுக்கும் யாராவது கம்பத்தை உருவ வேண்டியிருந்தது. ஆட்டம் விரைவாக நடக்க வேண்டும் என்று கொண்டுவந்த அந்தத் தளர்வுதான் இப்போது கை கொடுக்கிறது: கம்பத்தை யாரும் எப்போதும் தொடக் கூடாது என்று கிளப் கட்டளையிட்டாலும் அது விதிக்குள்ளேயே அடங்கும். குவளையை உயர்த்துவது அப்படியில்லை. விதிகளை வகுக்கும் அமைப்பான, செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் ஆர் அண்ட் ஏ, அது விதிப்படியான ஆட்டமாகாது என்ற நிலையிலிருந்து இறங்காமலே, இந்தத் தொற்றுக்காலத்திற்கு மட்டும் கிளப்புகள் அவ்வாறு செய்துகொள்ளலாம் என்று விட்டுக்கொடுத்திருக்கிறது. ஆகவே கொடி ஒரு பிரச்சினை, குழி வேறொரு பிரச்சினை. கொடியைப் பற்றி நாம் சண்டையிடத் தேவையில்லை.

கோபால்: சுருக்கமாக எழுதக் கூடாதா?

வித்யா: அப்பா, அண்ணா இப்போதுதான் தொடங்கியிருக்கிறார்.

இராமநாதன்: எழுதட்டும். முழு வாக்கியமாக எழுதுகிறவன் இந்தக் குழுவில் அவன் ஒருவன்தான்.

மீனா: கோப்பை இப்போது யார் வீட்டில் இருக்கிறது?

செந்தில்: குழிக்கு வருகிறேன், அத்தை. விதிப்புத்தகப்படி குழியின் விட்டம் 4¼ அங்குலம், ஆழம் குறைந்தது 4 அங்குலம். உள்ளே குவளை பதித்தால் அதன் விளிம்பு தரைமட்டத்திலிருந்து குறைந்தது 1 அங்குலம் கீழே இருக்க வேண்டும்; மண் இடம் கொடுக்காவிட்டால் மட்டுமே அதற்கு விலக்கு. ஹூஸ்டனில் அதே குவளை 1 அங்குலம் மேலே நிற்கிறது. இதனால் இலக்கின் அகலமே மாறிவிடுகிறது. உண்மையான குழியில் பந்து விழ வேண்டுமானால் பந்தின் நடுப்பகுதி விளிம்பைத் தாண்டி உள்ளே வந்தாக வேண்டும், அதாவது எவ்வளவு மெதுவாக உருண்டு வந்தாலும் நமக்குக் கிடைப்பது 4¼ அங்குல வழிதான். உயர்த்திய குவளையிலோ பந்தின் ஓரம் உரசினாலே போதும். பந்தின் விட்டம் 1.68 அங்குலம், அதில் பாதியை இரண்டு பக்கமும் கூட்டிப் பாருங்கள். இலக்கு ஏறக்குறைய 6 அங்குலம் ஆகிவிடுகிறது.

கார்த்திக்: அத்தான், வேகத்தை விட்டுவிட்டீர்கள். சாதாரணக் குழியில் வேகமாக வரும் பந்து விளிம்பில் சுற்றி வெளியே போகும், அல்லது மேலேயே தாண்டிவிடும். இங்கே எவ்வளவு வேகமாக மோதினாலும் கணக்குதான். அம்மா போன வாரம் அடித்த ஒரு பட், குவளை இல்லையென்றால் கிரீனை விட்டே இறங்கியிருக்கும். டங் என்ற சத்தம் பக்கத்து கிரீனில் கேட்டது.

மீனா: கார்த்திக்.

கார்த்திக்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கோபால்: எல்லாரும் படித்துவிட்டோம்.

மீனா: கோபால் இதைப் பேசுகிறானா? சென்ற ஆண்டு உதகையில், கடைசிக் குழியில் இரண்டடித் தொலைவில் கிடந்த பந்தை, யாரிடமும் கேட்காமல் கையால் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டவன் யார்? ஒரே அடி வித்தியாசத்தில் நான் தோற்றேன்.

கோபால்: அது அடிக்காமலே நண்பர்களுக்குள் விட்டுக்கொடுக்கிற பட் அல்லவா?

மீனா: ஒவ்வொரு குழியையும் யார் வென்றார் என்று பார்க்கும் மேட்ச் ஆட்டத்தில் எதிராளி விட்டுக்கொடுக்கலாம். ஸ்ட்ரோக் ஆட்டத்தில் யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. தனக்குத் தானே விட்டுக்கொடுத்தவனை நான் உதகையில்தான் பார்த்தேன்.

இராமநாதன்: பழங்கதை வேண்டாம். செந்தில், மேலே சொல்.

செந்தில்: சித்தப்பாவின் பட்டும் ஒருவகையில் இதே கேள்விதான், அப்பா. பந்து குழிக்குள் ஓய்வுக்கு வந்ததா இல்லையா என்பதைத் தவிர வேறு எதையும் விதி கேட்பதில்லை. இந்த ஆண்டு அந்த ஒரு கேள்விக்குத்தான் ஊருக்கு ஒரு பதில் இருக்கிறது.

நம் கிளப்பின் நிலையும் அவ்வளவு சுத்தமில்லை. நீச்சல் குளத்தில் பிள்ளைகள் பிடித்து மிதக்கும் நுரைக்குழலைத் துண்டுதுண்டாக வெட்டிக் கம்பத்தின் அடியில் செருகியிருக்கிறார்கள். சித்தியின் தையல் டேப்பைக் கொண்டுபோய் அளந்தேன். சில குழிகளில் நுரையின் மேற்பரப்பு தரையிலிருந்து 2 அங்குலம் கீழே இருக்கிறது; சிலவற்றில் 1 அங்குலம்கூட இல்லை. 2 அங்குலம் இருந்தால் 1.68 அங்குலப் பந்து முழுவதும் உள்ளே அமர்ந்துவிடும், எந்த வழக்கும் இல்லை. 1 அங்குலம் என்றால் பந்தின் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பகுதி வெளியே தெரியும். அப்போது அது கொடிக்கம்பத்தில் சாய்ந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பத்தில் சாய்ந்திருந்தால் பந்தின் ஏதாவது ஒரு பகுதி தரைமட்டத்துக்குக் கீழே இருந்தாலே போதும், விழுந்ததாகக் கணக்கு. சாயாமல் எதிர்ச்சுவரோரம் நின்றால் முழுப் பந்தும் கீழே இருந்தாக வேண்டும். கம்பம் அரை அங்குலத் தடிமன் என்று வைத்துக்கொண்டால், கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவே கிட்டத்தட்ட 1.9 அங்குலம் இருக்கிறது. ஆகவே பந்து கம்பத்தைத் தொடாமலே நிற்க இடமுண்டு.

கோபால்: நுரையில் குதித்து வெளியே வந்த பந்துக்கு என்ன கணக்கு? ஏழாவது குழியில் எனக்கு அப்படித்தான் ஆனது. விழுந்ததை நீயே பார்த்தாய்.

செந்தில்: விழுந்ததைப் பார்த்தேன், சித்தப்பா. தங்கியதைப் பார்க்கவில்லை.

கோபால்: நுரை இல்லாவிட்டால் தங்கியிருக்கும்.

மீனா: குவளை இல்லாவிட்டால் என் பட் கிரீனை விட்டு இறங்கியிருக்கும் என்று நீங்கள் எல்லாரும் சொன்னீர்களே. அவனுக்கு மட்டும் வேறு நியாயமா?

வித்யா: அத்தை சொல்வது சரி.

கோபால்: நீ யார் மகள்?

இராமநாதன்: குதித்து வெளியே வந்ததைக் கணக்கில் சேர்க்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. நுரை வைத்தது ஆட்டக்காரனின் குற்றமில்லை. ஆனால் மீனா கேட்பதற்கும் பதில் வேண்டும்.

செந்தில்: அதற்கு அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான யு.எஸ்.ஜி.ஏ. ஒரு வழி வைத்திருக்கிறது. மாற்றிய குழியில் ஆடினாலும், ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஹேண்டிகேப்புக்கு ஸ்கோரைப் பதிவு செய்யலாம், ஆனால் பந்து குழிக்குள் தங்காத இடங்களில் ‘பெரும்பாலும் எடுத்திருக்கக்கூடிய அடி’ என்ன என்பதை ஆட்டக்காரர் நேர்மையாகக் கணித்து எழுத வேண்டும். பந்து குழியிலிருந்து 5 அடி தூரத்துக்குள் கிடந்தால் இன்னும் ஒரு ஸ்ட்ரோக் கூட்ட வேண்டும். 5 அடிக்கும் 20 கஜத்துக்கும் நடுவே என்றால் இரண்டோ மூன்றோ. அதற்கும் மேல் என்றால் மூன்றோ நான்கோ. நாமும் இதையே எடுத்துக்கொள்ளலாம். மீனா அத்தையின் பந்து குவளையில் மெதுவாகத் தட்டி நின்றால் விழுந்ததாக எழுதலாம். வேகமாக மோதித் தெறித்தால், குவளை இல்லாதிருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ அந்தத் தொலைவுக்குரிய அடிகளைக் கூட்டி எழுதலாம்.

மீனா: எங்கே போய் நின்றிருக்கும் என்று யார் சொல்வது?

கோபால்: கார்த்திக்.

கார்த்திக்: என்னை விட்டுவிடுங்கள், சின்ன மாமா. நான் இவர்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டும்.

வித்யா: குவளையைக் கவிழ்த்து வைத்தவர்களுக்கு என்ன விதி?

செந்தில்: உன் குழியின் ஆழம் எவ்வளவு?

வித்யா: ஒரு அங்குலம் இருக்கும். அளக்கவில்லை. குனிந்து டேப்பை உள்ளே விட்டால் பின்னால் வருகிறவர்கள் கத்துவார்கள்.

செந்தில்: அப்படியானால் 1 அங்குல நுரைக்குச் சொன்னதே உனக்கும் பொருந்தும். கம்பத்தில் சாய்ந்திருந்தால் விழுந்தது. சாயாவிட்டால், ஆழத்தைக் குறைத்தது கிளப்பின் செயல் என்பதால், பந்து குழிக்குள் அசையாமல் நின்றாலே விழுந்ததாக எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதப் போகிறேன். இது விதிப்புத்தகத்தில் இல்லை. நம் குடும்பத்துக்கு மட்டும்.

சரசுவதி: இவ்வளவு மாற்றமும் எதற்காக? வெளியில் வெயிலில் நிற்கிற குழியிலிருந்தா நோய் வரும்?

வித்யா: நெகிழிப் பரப்பில் வைரஸ் 72 மணி நேரம் வரை, எஃகில் 48 மணி நேரம் வரை இருக்கும் என்று மார்ச்சில் ஓர் ஆய்வு வந்தது, அம்மா. அது ஆய்வகத்தில் பார்த்தது. ஆனாலும் ஒரே கம்பத்தை ஒரு நாளில் எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று கிளப்புகள் கவலைப்படுவதில் தவறில்லை. பங்கர் என்ற மணல் பள்ளத்தில், மணலைச் சமப்படுத்தும் ரேக் வைக்காததற்கும் அதுவே காரணம்.

கோபால்: ரேக் என்றதும் நினைவு வருகிறது. பங்கரில் அடுத்தவர் காலடிப் பள்ளத்தில் பந்து கிடந்தால் எடுத்து வைக்கலாமா?

மீனா: ஆரம்பித்துவிட்டான்.

செந்தில்: பங்கரை நாளை பார்ப்போம், சித்தப்பா. முதலில் குழி.

இராமநாதன்: எனக்கு ஆட வழியில்லை. கிண்டியில் பந்தயத் தடத்துக்கு நடுவே புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறதோ தெரியவில்லை. ஆகவே நடுவராக இருக்க எனக்குத் தகுதி உண்டு என்று நினைக்கிறேன். என் தீர்ப்பு இது: கொடி எல்லா ஊரிலும் குழியிலேயே நிற்கட்டும், யாரும் தொட வேண்டாம். எனக்கு மனமில்லாவிட்டாலும் இதை ஒப்புக்கொள்கிறேன். நுரை வைத்த ஊர்களில் பந்து உள்ளே தங்கினால்தான் கணக்கு. குதித்த பந்துக்கு வாக்கெடுப்பு நடத்தலாம்.

கோபால்: அண்ணா, சற்று முன்பு குதித்ததைச் சேர்க்கலாம் என்றீர்களே?

இராமநாதன்: அதனால்தான் வாக்கெடுப்பு.

செந்தில்: சரி, வரைவை எழுதுகிறேன். ஒன்று, கொடிக்கம்பம் எப்போதும் குழியில். தொட்டால் கிளப்பின் தண்டனை தனி, நம் தண்டனை ஓர் அடி. இரண்டு, நுரையோ கவிழ்த்த குவளையோ இருக்கும் ஊரில் பந்து ஓய்வுக்கு வந்து உள்ளே நிற்க வேண்டும். மூன்று, உயர்த்திய குவளையில் மெதுவாகத் தட்டியது விழுந்ததாகும், தெறித்தது கணிப்புக்கு உட்பட்டது. கணிப்பை உடன் ஆடுபவர் ஒப்புக்கொண்டு அட்டையில் கையெழுத்துக்குப் பதிலாக இந்தக் குழுவில் ஒரு வரி எழுத வேண்டும். நான்கு, குதித்து வெளியே வந்த பந்து, வாக்கெடுப்பு நிலுவையில். குதித்ததைச் சேர்க்கலாம் என்பவர்கள் ‘ஆம்’ என்று எழுதுங்கள்.

கோபால்: ஆம்.

மீனா: இல்லை.

வித்யா: இல்லை. மன்னியுங்கள், அப்பா.

சரசுவதி: ஆம். வீட்டில் அமைதி வேண்டும்.

மீனா: ஆடாதவர்களுக்கு வாக்கு உண்டா?

இராமநாதன்: நானும் ஆடவில்லை, மீனா.

மீனா: நான் உங்களைச் சொல்லவில்லை, அண்ணா.

செந்தில்: நான் எழுதுகிறவன் என்பதால் வாக்களிக்கவில்லை. இரண்டுக்கு இரண்டு. கார்த்திக்?

கார்த்திக்: ஒரு நிமிடம், அத்தான். கிளப்பிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் குவளைகளைத் தரைக்குள் இறக்கி, உள்ளே நுரை வைக்கிறார்களாம்.

செந்தில்: எவ்வளவு ஆழத்தில்?

கார்த்திக்: எழுதவில்லை.

கோபால்: அப்படியானால் மூன்றாவது விதி தேவையில்லை.

செந்தில்: மூன்று தேவையில்லை. நான்கு முன்பைவிட அதிகம் தேவை, இனி மூன்று ஊரிலும் பந்து குதிக்கலாம். கார்த்திக், வெள்ளிக்கிழமை ஒரு டேப் எடுத்துப் போ.

மீனா: இனி எனக்கும் குதிக்கும் என்றால் என் வாக்கை மாற்றலாமா?

கோபால்: அதெல்லாம் முடியாது.

இராமநாதன்: ஞாயிறு இரவு வரை மாற்றலாம்.

மீனா: கோப்பை யார் வீட்டில் இருக்கிறது என்று கேட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

சரசுவதி: எங்கள் வீட்டில்தான், அண்ணி. சென்ற ஆண்டின் பெயரை இன்னும் பொறிக்கவில்லை.

மீனா: பொறிக்க வேண்டாம்.