யுஏஎன் (பிஎஃப் உறுப்பினர் எண்) பெயர் பொருந்தாத 7 பேர்: பில் நிற்கிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒசூர் பக்கம் உதிரிபாக ஆலைக்கு ஆள் அனுப்பும் காண்ட்ராக்டருக்காகக் கேட்கிறோம்.

மஸ்டர் ரோலில் (வருகைப் பதிவேட்டில்) 64 பேர். பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) சலானில் 57 பேர்தான். மீதி 7 பேருக்கு ஆதாரில் ஒரு பெயர், பழைய யுஏஎன்னில் வேறு பெயர். இருவருக்குப் பிறந்த தேதியும் இடிக்கிறது. ஆதார் இணையாத யுஏஎன்னுக்கு இசிஆர் (பிஎஃப்புக்கான மாதாந்திரக் கணக்குத் தாக்கல்) ஏறாது. 15-ஆம் தேதி தாண்டினால் வட்டியும் அபராதமும் சேரும். எண்ணிக்கை பொருந்தாததால் ஆலை பில்லை நிறுத்தியிருக்கிறது. அது நியாயம்தான்; காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் பொறுப்பு ஆலையின் தலையில்தான் விழும்.

புது யுஏஎன் எடுக்கச் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம் என்றே நினைக்கிறோம். ஒருவருக்கு இரண்டு எண் ஆனால் பழைய சர்வீஸ் துண்டாகிப் பென்ஷனில் அடிபடுவது தொழிலாளிதான்.

முந்தைய நிறுவனம் மூடிவிட்ட நிலையில் ஜாயின்ட் டிக்ளரேஷனுக்கு (பெயர், பிறந்த தேதியைத் திருத்தத் தொழிலாளியும் நிறுவனமும் சேர்ந்து தரும் விண்ணப்பம்) யாரிடம் சான்று வாங்கினீர்கள்? எத்தனை நாள் ஆனது?

இன்னொன்று: இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) எண் வராமல் யாரையும் பிரஸ் ஷாப்புக்குள் (அழுத்து இயந்திரப் பிரிவுக்குள்) விடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் சேர்க்கப் பார்க்கிறோம். முதல் நாளே விரல் நசுங்கி, பதிவு அதற்குப் பிறகு நடந்திருந்தால் க்ளெய்ம் சிக்கலாகிவிடும். இப்படி ஷரத்து வைத்திருப்பவர்கள் அதன் வாசகத்தை மட்டும் பகிர முடியுமா? ஓவர்டைம் தொகை இஎஸ்ஐயின் 21,000 ரூபாய் மாதச் சம்பள வரம்பில் சேருமா, பங்களிப்பில் சேருமா என்பதையும் அதிலேயே எழுதினீர்களா?